பன்னிரண்டு பலூன்களின் தீர்ப்பு

கலிஃபோர்னியாவின் ஒரு மலை ஏரிக்கரையில் விளையாட்டாகத் தொடங்கிய போட்டி, கைத்துப்பாக்கி பிடிக்கும் விதத்தையே மாற்றியது. மாற்றியவரையும் அது பிறகு விட்டுவைக்கவில்லை.

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து கிழக்கே போகும் நெடுஞ்சாலை, ரெட்லாண்ட்ஸ் பக்கம் வந்ததும் மலையடிவாரத்தைத் தொடுகிறது. அங்கிருந்து கொண்டை ஊசி வளைவுகள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் அதலபாதாளம். காது அடைத்து, திறந்து, மறுபடி அடைக்கும்போது பைன் மரங்கள் தொடங்குகின்றன. கிட்டத்தட்ட 6,750 அடி உயரத்தில், யாரோ தட்டில் ஊற்றி வைத்தது போல ஒரு நீண்ட ஏரி. பெயர் பிக் பேர் லேக், அதாவது பெரிய கரடி ஏரி.

ஏரி இயற்கையானது அல்ல. கீழே ரெட்லாண்ட்ஸின் ஆரஞ்சுத் தோட்டங்களுக்குத் தண்ணீர் வேண்டும் என்று 1884இல் அணை கட்டித் தேக்கியது. கரடி மட்டும் நிஜம். 1845இல் பெஞ்சமின் வில்சன் என்பவர் 22 குதிரை வீரர்களோடு இங்கே வந்தபோது, இருவருக்கு ஒன்று என்று கயிறு வீசி 11 கரடிகளைப் பிடித்தார்கள் என்று கதை. அந்தச் சாம்பல் கரடி இனம் இன்று கலிஃபோர்னியாவின் கொடியில் மட்டுமே இருக்கிறது. 1860இல் பக்கத்து ஹோல்கோம்ப் பள்ளத்தாக்கில் தங்கம் கிடைத்தது. கூட்டம் வந்தது, தங்கம் தீர்ந்தது, கூட்டம் போனது. இப்போது குளிர்காலத்தில் பனிச்சறுக்கு, கோடையில் படகு. வார இறுதியில் நகரத்துக் கார்கள் மலையேறி வரிசையில் நிற்கின்றன.

வருகிறவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாத இன்னொரு சரக்கும் இந்த ஊரிலிருந்து ஏற்றுமதியானது. இரண்டு கைகளால் பிஸ்டலைப் பிடித்துக் கண்ணுக்கு நேரே உயர்த்திச் சுடும் விதம்தான் அது. இன்று எந்த நாட்டு சினிமாவிலும் போலீஸ்காரர் கதவை உதைத்துத் திறந்து உள்ளே நுழையும்போது இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டுதான் நுழைகிறார். அந்தக் காட்சி இயல்பானதாகத் தெரிகிறது. ஆனால் 1950களில் அப்படிச் சுட்டவரை வேடிக்கை பார்த்திருப்பார்கள். கைத்துப்பாக்கி என்ற சொல்லே ஒரு கைக்கு உரியது என்று நம்பிய காலம் அது.

அந்த நம்பிக்கையை உடைத்தது ஆராய்ச்சிக்கூடம் அல்ல, ராணுவமும் அல்ல. பலூன்கள்.

1950களின் பிற்பகுதியில் அமெரிக்கா முழுவதும் கௌபாய் பித்துப் பிடித்து ஆடிக்கொண்டிருந்தது. தொலைக்காட்சியில் தினம் ஒரு ஷெரிப் வில்லனைத் தெருவில் சந்தித்து, அவனைவிட வேகமாகத் துப்பாக்கியை உருவிச் சுட்டார். பார்த்த குமாஸ்தாக்களும் கடைக்காரர்களும் தாழ இறக்கிய தோலுறையை இடுப்பில் கட்டிக்கொண்டு, கண்ணாடி முன் நின்று உருவிப் பழகினார்கள். வெறும் மருந்துத் தோட்டாக்களை வைத்து வேகப் போட்டிகள் நடந்தன. யார் முதலில் சத்தம் எழுப்புகிறார் என்பதுதான் அளவுகோல். தோட்டா எங்கே போயிருக்கும் என்று யாரும் கேட்கவில்லை.

பிக் பேரில் வசித்த ஜெஃப் கூப்பர் கேட்டார். 1920இல் பிறந்தவர். ஸ்டான்ஃபோர்டில் அரசியல் விஞ்ஞானம் படித்து, மரீன் படையில் அதிகாரியாக இருந்து, இரண்டாம் உலகப் போரைப் பார்த்துத் திரும்பியவர். கைத்துப்பாக்கியை வைத்துச் சண்டை போட எது சிறந்த வழி என்பதில் ஆளுக்கொரு கருத்து உலவியது. எல்லாரும் அனுபவஸ்தர்கள், எல்லாரும் பிடிவாதக்காரர்கள். வாதத்தால் தீராது என்று கூப்பருக்குத் தெரிந்தது. நிஜத் தோட்டா, நிஜ இலக்கு, எந்தப் பாணியில் வேண்டுமானாலும் சுடலாம் என்று ஒரு போட்டியை ஏற்பாடு செய்தார். பெயர் 'லெதர்ஸ்லாப்'. துப்பாக்கி எடுக்கக் கை தோலுறையில் மோதும் சத்தத்தை வைத்து வந்த பெயர்.

விதி எளிமையானது. இருவர் ஒரே நேரத்தில் நிற்பார்கள். 21 அடி தூரத்தில் 18 அங்குல அகலப் பலூன்கள் பன்னிரண்டு. முதலில் எல்லாவற்றையும் உடைப்பவர் வென்றார். 21 அடி என்பது ஒரு கல்யாண மண்டபத்தின் மேடையிலிருந்து நாலாவது வரிசை நாற்காலி. 18 அங்குலம் என்பது ஒரு பெரிய பித்தளைத் தாம்பாளம். தவறவிட முடியுமா என்று தோன்றும். முடியும், அதுவும் தாராளமாக.

வந்தவர்களில் பெரும்பாலோர் இடுப்புக்குப் பக்கத்திலிருந்தே சுட்டார்கள். அன்றைய போலீஸ் பயிற்சியும் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்லித் தந்தது. கொஞ்சம் குனிந்து, ஒரு கையை முன்னே தள்ளி, உள்ளுணர்வை நம்பிச் சுட வேண்டும். குழலின் மேலே இருக்கும் சைட்டைப் பார்க்க நேரம் ஏது? முதல் குண்டு மின்னல் வேகத்தில் பறக்கும். பலூன் அசையாமல் நிற்கும். இரண்டாவது, மூன்றாவது. ஆறு குண்டு தீர்ந்து ரிவால்வரை மீண்டும் நிரப்பும் நேரத்தில் எதிராளியும் அதே அவதியில் இருப்பார். கூட்டத்துக்கு நல்ல வேடிக்கை.

ஜாக் வீவர் லாஸ் ஏஞ்சலஸ் கவுன்ட்டி ஷெரிப் துறையில் டெபுடி. மீரா லோமாவில் இருந்த துறையின் பிஸ்டல் ரேஞ்சைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அதாவது மற்ற போலீஸ்காரர்கள் குறி தவறுவதைப் பார்ப்பதே அவர் பிழைப்பு. லெதர்ஸ்லாப்பில் அவரும் போட்டியிட்டார். 1959வாக்கில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். துப்பாக்கியை வேகமாக உருவ வேண்டியதுதான், ஆனால் அதை நேரே கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து, இரண்டு கைகளாலும் பிடித்து, சைட்டை ஒரு கணமாவது பார்த்துவிட்டுச் சுடுவது. முழங்கைகளை மடக்கி, சுடும் கை முன்னே தள்ள, மற்ற கை பின்னே இழுக்க, நடுவில் துப்பாக்கி இறுகி நிற்கும். உதைப்பு குறையும். அடுத்த குண்டுக்குத் திரும்பத் தேட வேண்டியதில்லை.

முதல் பலூனுக்கு அவர் மற்றவர்களைவிடக் கண்ணிமைக்கும் நேரம் கூடுதலாக எடுத்துக்கொண்டார். ஆனால் அது உடைந்தது. இரண்டாவதும் உடைந்தது. இடுப்பிலிருந்து சுட்டவர்கள் இன்னும் முதல் பலூனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, வீவர் வரிசையை முடித்துவிட்டு நின்றார். தொடர்ந்து ஜெயிக்கவும் தொடங்கினார்.

இதில் வீவரைவிட கூப்பரின் பங்கு சுவாரஸ்யமானது. போட்டியை ஏற்பாடு செய்தவர் அவர். துப்பாக்கி பற்றிப் பத்திரிகைகளில் எழுதுபவர். தனக்கென்று வலுவான அபிப்பிராயங்கள் உள்ளவர். ஒரு டெபுடி ஷெரிப்பின் வினோதமான பாணி ஜெயிக்கிறது என்றால், அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். கூப்பர் நகரவில்லை. தோற்ற பாணியைக் கைவிட்டார், ஜெயித்த பாணியைக் கூர்ந்து பார்த்தார், அதற்கு 'வீவர் ஸ்டான்ஸ்' என்று பெயர் வைத்து உலகத்துக்கு எழுதினார். தன் பெயரை வைக்கவில்லை.

இந்த வேடிக்கைக்குப் பின்னால் உயிர் பிரச்சினை இருந்தது என்பது சில ஆண்டுகளில் தெரிந்தது. 1970 ஏப்ரலில், லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே நியூஹால் அருகே நள்ளிரவில், ஒரு காரை நிறுத்திய கலிஃபோர்னியா நெடுஞ்சாலைப் போலீஸார் நான்கு பேர் சில நிமிடங்களில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எதிரே இருந்தவர்கள் இரண்டே பேர். மாநிலமே அதிர்ந்தது. இறந்தவர்களில் ஒருவர், காலியான ரிவால்வரில் ஒவ்வொரு தோட்டாவாகச் செருகிக்கொண்டிருந்தபோது சுடப்பட்டார். ரிவால்வரை ஒரே அழுத்தில் நிரப்பும் 'ஸ்பீட்லோடர்' பிறகு அந்தப் படைக்கு வந்தது.

நியூஹாலுக்கு ஒரு துணைக்கதையும் உண்டு. பயிற்சி ரேஞ்சில் தரையைச் சுத்தமாக வைக்கக் காலித் தோட்டாக் கூடுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும் பழக்கத்தால், சாகும் தறுவாயிலும் ஒரு போலீஸ்காரர் அப்படியே செய்தார், கூடுகள் பையில் இருந்தன என்பது கதை. 'பயிற்சியில் எதைச் செய்கிறாயோ அதுதான் சண்டையிலும் வரும்' என்று புகட்ட, தலைமுறை தலைமுறையாகப் பயிற்சியாளர்கள் இதைச் சொன்னார்கள். பின்னாளில் ஆவணங்களைத் தோண்டியவர்கள், அப்படி நடக்கவில்லை என்று காட்டினார்கள். பாடம் சரியாக இருக்கலாம், ஆதாரம் தவறு. பலூன்களில் அந்தச் சிக்கல் இல்லை. உடைந்ததா இல்லையா என்பதில் கதை கட்ட முடியாது.

மலையிலிருந்து இறங்கிய விளையாட்டுக்கு வேகமாக வயது வந்தது. 1975இல் ஜூரிச்சில் முதல் உலகப் போட்டி. கூப்பரின் கலிஃபோர்னியாக் கூட்டத்தைச் சேர்ந்த ரே சாப்மன் ஜெயித்தார். 1976 மே மாதம் மிசௌரி மாநிலத்தின் கொலம்பியா நகரில் பல நாட்டவர் கூடிச் சர்வதேச பிராக்டிகல் ஷூட்டிங் கான்ஃபெடரேஷனைத் தொடங்கினார்கள். சுருக்கமாக ஐ.பி.எஸ்.சி. முதல் தலைவர் கூப்பர். கொள்கை வாசகம் லத்தீனில் மூன்று சொற்கள். துல்லியம், பலம், வேகம்.

இந்தியாவில் பிஸ்டல் சுடுதல் என்றால் நினைவுக்கு வருவது வேறு காட்சி. டெல்லி துக்ளகாபாத்தில் 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டிய கர்ணி சிங் ரேஞ்ச். அசையாமல் நிற்கும் உடல், நீட்டிய ஒரு கை, மற்ற கை பேண்ட் பாக்கெட்டில். 2024இல் பாரிஸில் இரண்டு வெண்கலம் வென்ற மனு பாக்கரை நாடே அந்தக் கோலத்தில்தான் பார்த்தது. வேகம் கேட்கும் ஒலிம்பிக் பிரிவும் உண்டு. 2012இல் லண்டனில் விஜய் குமார் வெள்ளி வென்ற 25 மீட்டர் ரேபிட் ஃபயரில் ஐந்து இலக்குகளை எட்டு, ஆறு, நான்கு விநாடிகளுக்குள் சுட வேண்டும். ஆனால் அங்கேயும் தூரம் மாறாது, வரிசை மாறாது, கால் நகராது. நேற்றைய மதிப்பெண்ணை இன்றைய மதிப்பெண்ணோடு வைத்துப் பார்த்தால் முன்னேற்றம் தெரிந்துவிடும்.

பிராக்டிகல் போட்டியில் அந்த வசதி இல்லை. ஒவ்வொரு 'ஸ்டேஜு'ம் புதிது. இன்று ஒரு ஜன்னல் வழியாகச் சுட வேண்டும், நாளை தடுப்புக்கு அடியில் குனிந்து. ஓட வேண்டும், நிற்க வேண்டும், மேகஸின் மாற்ற வேண்டும். அட்டை இலக்குகளில் நடுப்பகுதி 'ஏ', அடுத்தது 'சி', ஓரம் 'டி'. இரும்புத் தகடு என்றால் விழுந்தே ஆக வேண்டும். எந்த வரிசையில் சுடுவது என்பது பெரும்பாலும் போட்டியாளரின் இஷ்டம். ஒரே ஸ்டேஜ் திரும்ப வராததால், நேற்றைய தன்னோடு ஒப்பிட வழியில்லை. அன்று கூட நின்றவர்களோடுதான் ஒப்பிட முடியும். (அமெரிக்கச் சங்கம் இதற்கு ஒரு மாற்று கண்டுபிடித்தது. நாடெங்கும் ஒரே அளவில் அமைக்கும் 'கிளாஸிஃபையர்' ஸ்டேஜ்கள். அவற்றின் சராசரியை வைத்து டி முதல் கிராண்ட் மாஸ்டர் வரை தரம் பிரிக்கிறார்கள். 95 சதவீதத்தைத் தொட்டால் கிராண்ட் மாஸ்டர்.)

கூப்பர் 1976இல் அரிசோனாவுக்குப் போனார். பிரெஸ்காட் நகருக்கு வடக்கே பால்டன் என்ற சிற்றூர் அருகே, ஜூனிப்பர் புதர்களும் செம்மண்ணுமாகக் கிடந்த நிலத்தில் ஒரு பள்ளி தொடங்கினார். கன்ஸைட் என்று அழைக்கப்படும் அந்த இடத்துக்குப் போலீஸ்காரர்கள், ராணுவத்தினர், சாதாரணக் குடிமக்கள் என்று எல்லாரும் வந்தார்கள். பிக் பேரில் பலூன்கள் கற்றுத் தந்ததை அங்கே பாடத்திட்டமாக்கினார்கள். பெரிய குண்டுள்ள ஆட்டோமேடிக் பிஸ்டல், வீவர் ஸ்டான்ஸ், உறையிலிருந்து உருவும் முறை, சைட்டை ஒரு மின்னல் பார்வை, பிறகு விசையை மீது சீராக ஏறும் அழுத்தம். இதற்குப் பெயர் 'மாடர்ன் டெக்னிக்'. நவீன முறை.

நவீனம் என்று பெயர் வைத்துவிட்டால் ஒரு சிக்கல். அதற்குப் பிறகு வருவதை என்னவென்று அழைப்பது?

பால்டனிலிருந்து தெற்கே காரில் சில மணி நேரம் இறங்கினால் ஃபீனிக்ஸ். அதை ஒட்டி மேசா நகரம். சாலையோரம் ஆளுயரத்தைவிடப் பல மடங்கு வளர்ந்த சாகுவாரோ கள்ளிகள் இரண்டு கைகளையும் தூக்கிச் சரணடைந்தது போல நிற்கின்றன. 1980களின் தொடக்கத்தில் இந்தப் பாலைவன நகரப் பகுதியிலிருந்து இரண்டு இளைஞர்கள் போட்டிகளுக்கு வந்தார்கள். ராப் லேதம், பிரையன் ஈனோஸ். இவர்கள் உடலைப் பக்கவாட்டில் திருப்பவில்லை. இலக்கை நேருக்கு நேர் பார்த்து, இரு கைகளையும் சமமாக முன்னே நீட்டி, மேலிருந்து பார்த்தால் முக்கோணம் தெரிகிற மாதிரி நின்றார்கள். 'ஐசோஸலிஸ்' என்று பெயர். பள்ளிக்கூட ஜியோமிதியில் வரும் இருசமபக்க முக்கோணம்தான். தள்ளுவதும் இழுப்பதும் கிடையாது. துப்பாக்கி உதைத்தால் உதைக்கட்டும், தானாகப் பழைய இடத்துக்குத் திரும்பும் என்று விட்டார்கள். இடது வலது எந்தப் பக்கம் திரும்பினாலும் பிடி மாறவில்லை.

வீவர் ஸ்டான்ஸை மதமாகக் கொண்டவர்களுக்கு இது அபசாரம். ஆனால் மதிப்பெண் பலகைக்கு மதம் இல்லை. லேதம் 1983இல் உலகப் பட்டம் வென்றார். பிறகும் பலமுறை வென்றார். சில ஆண்டுகளில் போட்டிகளின் உச்சியில் வீவர் ஸ்டான்ஸ் அரிதாகிப்போனது. எஃப்.பி.ஐ. வீவர் முறையை ஏற்றுக்கொண்டதும் அதே 1980களில்தான் என்பது அரசாங்க வேகத்துக்கு நல்ல உதாரணம்.

கூப்பர் இந்த முறை பிக் பேரில் நடந்துகொண்டது போல நடந்துகொள்ளவில்லை. போட்டி திசை மாறிவிட்டது, இது வெறும் விளையாட்டாகிவிட்டது என்று குறைபட்டார். அவர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. உதைப்பைக் குறைக்கக் குழல் நுனியில் துளையிட்ட இணைப்புகள், கண்ணாடி வழியே சிவப்புப் புள்ளி காட்டும் சைட், பெயருக்கு ஒட்டிக்கொண்டிருக்கும் உறை என்று பிஸ்டல்கள் பந்தயக் கார் போல மாறிவிட்டிருந்தன. எந்தப் போலீஸ்காரரும் அதை இடுப்பில் கட்டிக்கொண்டு ரோந்து போக முடியாது. இலக்கு திருப்பிச் சுடுவதில்லை என்பதும் உண்மை. ஆனால் பலூனும் திருப்பிச் சுடவில்லை. 1959இல் முடிவை ஏற்றுக்கொள்ளத் தடையாக இல்லாத அந்தக் குறை, 1980களில் திடீரென்று பெரிதாகத் தெரிந்தது. தவிர, நேராக நின்று கையை நீட்டுவதற்குப் பந்தயத் துப்பாக்கி எதுவும் தேவையில்லை. சாதாரண பிஸ்டலுக்கும் அது பொருந்தியது. பந்தயச் சாமான் மீது இருந்த கோபம் அந்த நுட்பத்தின் மீதும் சேர்ந்து விழுந்தது. கூப்பர் 2006இல் இறந்தார். வீவர் 2009இல்.

மேசாவை ஒட்டிய யூசரி மலையடிவாரத்தில் ஒரு துப்பாக்கி ரேஞ்ச் இருக்கிறது. மூன்று பக்கமும் மண் கரை எழுப்பிய 'பே'க்கள். கோடையில் வெயில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும் ஊர். ஐஸ் பெட்டியும் குடையும் இல்லாமல் இங்கே யாரும் வருவதில்லை. இத்தகைய உள்ளூர் கிளப் போட்டிகளில்தான் இந்த விளையாட்டின் நிஜமான படிப்பு நடக்கிறது. ஆசிரியர்கள், பிளம்பர்கள், ஓய்வுபெற்ற கிழவர்கள், பள்ளி முடித்த பெண்கள் என்று கலவையான கூட்டம். அதிகாரி உத்தரவு தரும்வரை யார் துப்பாக்கியிலும் தோட்டா இருக்கக் கூடாது. குழல் பின்பக்கம் திரும்பினாலோ கைதவறித் துப்பாக்கி விழுந்தாலோ அன்றைக்கு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பல ஆண்டு சாம்பியனுக்கும் அதே விதி.

சுடுவதற்கு முன் ஒரு விசித்திரமான காட்சி. பத்துப் பேர் வெறும் கையை நீட்டி, கட்டைவிரலைத் துப்பாக்கியாக்கி, ஸ்டேஜுக்குள் முணுமுணுத்துக்கொண்டே நடக்கிறார்கள். பரதநாட்டிய வகுப்பில் ஜதி சொல்லிப் பார்ப்பது போல. எங்கே நிற்பது, எந்த இலக்கை முதலில் சுடுவது, எங்கே மேகஸின் மாற்றுவது என்று மனப்பாடம். பிறகு ஒவ்வொருவராக அழைப்பு. 'பீப்' ஒலிக்கிறது. அதிகாரியின் கையிலுள்ள டைமர், குண்டுச் சத்தத்தைக் கேட்டு ஒவ்வொரு குண்டின் நேரத்தையும் நூற்றில் ஒரு விநாடி வரை பதிகிறது. முடிந்ததும் எல்லாரும் இலக்குகளிடம் போய் ஓட்டைகளை எண்ணுகிறார்கள். மொத்தப் புள்ளியை விநாடியால் வகுத்தால் 'ஹிட் ஃபேக்டர்'. அதில் யார் அதிகமோ அவர் முதல்வர்.

இந்த வகுத்தல் கணக்கில்தான் விஷயம் இருக்கிறது. எட்டு அட்டைகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு குண்டு, ஆக 16 குண்டுள்ள ஒரு ஸ்டேஜை எடுத்துக்கொள்வோம். உதைப்பு குறைந்த 9 மில்லிமீட்டர் பிஸ்டலுக்கு ஏ என்றால் 5, சி என்றால் 3, டி என்றால் 1. தவறிய குண்டுக்கு 10 கழியும். நிதானஸ்தர் ஒருவர் 16 ஏ அடிக்கிறார். 80க்கு 80. எடுத்துக்கொண்டது 16 விநாடி. ஹிட் ஃபேக்டர் 5. இரண்டாமவர் 12 ஏ, 4 சி. 72 புள்ளி, ஆனால் 12 விநாடி. ஹிட் ஃபேக்டர் 6. மூன்றாமவர் அவசரக்காரர். 12 ஏ, 3 சி, ஒன்று தவறு. 59 புள்ளி, 11 விநாடி. ஹிட் ஃபேக்டர் 5.36.

இரண்டாமவர் வென்றார். இதில் ஆச்சரியம் இல்லை. ஒரு குண்டைத் தவறவிட்ட அவசரக்காரரிடம்கூட, ஒன்றையும் தவறவிடாத நிதானஸ்தர் தோற்கிறார் என்பதுதான் புதிதாக வருகிறவர்களுக்கு வயிற்றெரிச்சல். நூற்றுக்கு நூறு வாங்கியவர் கடைசியா? இந்த விளையாட்டில் ஆம். நேரமும் ஒரு இலக்கு. 16 விநாடி எடுத்தவர் அந்த இலக்கைத் தவறவிட்டவர். அதேசமயம் அவசரக்காரர் மிச்சம் பிடித்த ஒரு விநாடி அவருக்கு உதவவில்லை. விநாடிக்கு 6 புள்ளி என்ற விலையில் ஒரு சி, ஏயைவிட மூன்றில் ஒரு பங்கு விநாடிதான் மலிவு. தவறிய குண்டோ இழந்த ஐந்தும் தண்டம் பத்துமாகச் சேர்ந்து இரண்டரை விநாடியை விழுங்கிவிடும்.

அடுத்த கேள்விதான் கஷ்டமானது. நிதானஸ்தர் அந்த நான்கு விநாடியை எங்கே விட்டார்? அவரைக் கேட்டால், 'இன்னும் வேகமாக விசையை அழுத்தியிருக்க வேண்டும்' என்பார். டைமரைப் பார்த்தால் வேறு கதை. அவர் ஒரு அட்டையில் இரண்டு குண்டுகளுக்கு இடையே எடுத்தது 0.25 விநாடி, வென்றவர் எடுத்தது 0.20 என்று வைத்துக்கொண்டாலும், எட்டு அட்டைக்கும் சேர்த்து வித்தியாசம் 0.4 விநாடிதான். மிச்சம் 3.6 விநாடி துப்பாக்கி சுடாத நேரத்தில் போயிருக்கிறது. ஜன்னலருகே போய் நின்ற பிறகே கையை உயர்த்தியது, மேகஸினை நின்றுகொண்டு மாற்றியது, சுட்ட ஓட்டை சரியாக விழுந்ததா என்று ஒவ்வொரு அட்டையையும் எட்டிப் பார்த்தது. விரல் அல்ல, காலும் கண்ணும்.

நினைவு இங்கே நம்பகமான சாட்சி இல்லை. பறந்து பறந்து சுட்டதாக நினைத்த ஓட்டம் டைமரில் மெதுவாக இருக்கும். 'சாவகாசமாகத்தான் சுட்டேன்' என்று சொல்லும் ஓட்டம் அன்றைய சிறந்ததாக இருக்கும். அதனால்தான் வரிசையில் நிற்கும் நண்பரின் கையில் ஃபோனைக் கொடுத்து வீடியோ எடுக்கச் சொல்கிறார்கள். சிலர் சின்ன நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார்கள். அதில் நல்ல நோட்டுக்கும் மோசமான நோட்டுக்கும் வித்தியாசம் உண்டு. 'கவனம் போதவில்லை' என்று எழுதுகிறவர் அடுத்த மாதமும் அதையே எழுதுவார். 'மூன்றாவது அட்டை, இடது ஓரம் சி, இலக்கை விட்டுக் கண் முன்னதாகவே அடுத்த அட்டைக்குப் போய்விட்டது' என்று எழுதுகிறவருக்குச் செவ்வாய்க்கிழமை வீட்டில் எதைப் பழகுவது என்று தெரியும்.

ஈனோஸ் 1990இல் எழுதிய புத்தகம் இந்த வட்டாரத்தில் இன்றும் படிக்கப்படுகிறது. அவர் வலியுறுத்தியது பார்ப்பதைத்தான். குண்டு வெளியேறும் அந்தக் கணத்தில் சைட் எங்கே இருந்தது என்று பார்த்துவிட்டால், அட்டையில் ஓட்டையைத் தேட வேண்டியதில்லை, குண்டு எங்கே போனது என்பது அப்போதே தெரியும். தவறு என்று தெரிந்தால் அங்கேயே இன்னொரு குண்டு போடலாம். வீவர் பலூன் முன்னால் செய்ததும் இதுதான், ஒரு கணம் பார்த்தது. நிற்கும் விதம் மாறியது. பார்ப்பது மாறவில்லை.

ஓட்டைகளைப் பற்றி ஒரு பழைய தகராறு உண்டு. பிக் பேரில் கரடி பிடித்த பெஞ்சமின் வில்சனின் மகள் வயிற்றுப் பேரன்தான் பிற்காலத்து ஜெனரல் பேட்டன். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பென்டத்லான் போட்டியில் அவர் கலந்துகொண்டார். பிஸ்டல் பிரிவில் அவருடைய குண்டு இலக்கிலேயே படவில்லை என்று நடுவர்கள் சொன்னார்கள். ஏற்கனவே போட்ட ஓட்டை வழியாகவே அது போய்விட்டது என்றார் பேட்டன். எடுபடவில்லை. ஒட்டுமொத்தத்தில் ஐந்தாவது இடம்.

கிளப் போட்டிகளில் இன்றும் அதே வாதம் கேட்கிறது. 'ரெண்டும் ஒரே ஓட்டையில போயிருக்கு, நல்லா பாருங்க.' அதிகாரி குனிந்து, கண்ணாடித் தகட்டை வைத்து, ஓட்டையின் விளிம்பைப் பார்க்கிறார். இரட்டை ஓட்டைக்கு இன்னொரு விளிம்பு தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் 'மிஸ்' என்று சொல்லி எழுதிக்கொள்கிறார்.

எண்ணி முடிந்ததும் அட்டை நிறத்திலேயே இருக்கும் சிறிய ஒட்டுத்தாள் சுருளோடு நாலைந்து பேர் வருகிறார்கள். அடுத்தவர் சுடுவதற்குள் எல்லா ஓட்டைகளையும் மூடியாக வேண்டும். அனுபவஸ்தர்கள் புதியவரின் தோளைத் தொட்டு நிறுத்துகிறார்கள். ஒட்டுவதற்கு முன் போய் ஒருமுறை பார்த்துவிட்டு வரச் சொல்கிறார்கள். அவர் அட்டைக்கு அட்டை நின்று பார்த்துக்கொண்டு நடக்க, பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வருகிறார்கள்.